டெஸ்ட் இலவசம்... லீவு போட்டால் சம்பளம் கட்! ஆஸ்பத்திரி பக்கம் வராத இளம்பெண்கள்: காரணம் என்ன?

சென்னை:-

"எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன். எதுக்கு டெஸ்ட்டு?"

தி.நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் பெண்ணிடம் கேட்டாலும் சரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்டாலும் சரி, பெரும்பாலும் இந்த பதில்தான் வரும்.

கொஞ்ச நேரம் பேச்சு கொடுத்தால் அடுத்த பதில் வரும். "ஆஸ்பத்திரிக்கு போனா அரை நாள் போயிடும். சூப்பர்வைசர் முறைப்பாரு. அரை நாள் சம்பளம் இருந்தா ரெண்டு நாள் காய்கறிக்கு ஆகும்."

இந்த இரண்டில் முதல் பதிலைத்தான் அதிகாரிகளும், டி.வி. விளம்பரங்களும் பிடித்துக்கொள்கிறார்கள். "பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டு போய்விடுகிறார்கள். இரண்டாவது பதிலை யாரும் காதில் வாங்குவது இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இதுபற்றிய ஒரு அலசல்:-

10 பேரில் ஒருவர்

மத்திய அரசு நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வு 5-வது முறையாக 2019 முதல் 2021 வரை நடந்தது. 30 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம், "கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஒரு தடவையாவது பரிசோதனை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் "ஆமாம்" என்று சொன்னவர்கள் 9.8 சதவீதம். அதாவது 10 பேரில் ஒருவர். மார்பக பரிசோதனை செய்தவர்கள் அதைவிட குறைவு. 5.6 சதவீதம்தான்.

இந்தியா முழுக்க எடுத்த சராசரியை பார்த்தால் நாம் எவ்வளவோ மேல். கர்ப்பப்பை வாய் பரிசோதனை 1.9 சதவீதம், மார்பக பரிசோதனை 0.9 சதவீதம். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இருக்கும் ஊரில் பத்து எடுத்தவன் முதல் மார்க் என்பது போலத்தான். மீதி 90 பேர் கதை என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ம் ஆண்டுக்கு போட்ட கணக்குப்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல். மார்பக புற்றுநோய் வந்தவர்கள் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர்.

சென்னை நகரத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்தான் முதலில் நின்றது. அது குறைந்துகொண்டே வர, மார்பக புற்றுநோய் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. குறைந்தது என்றால் ஒழிந்தது என்று அர்த்தம் இல்லை. கூலி வேலை பார்க்கும் பெண்கள், குடிசைப்பகுதி பெண்கள் மத்தியில் அது இன்னும் இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் முற்றிப்போன நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

நடுவில் காணாமல் போகும் 12 ஆண்டு

ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அரசாங்கம் எப்போதெல்லாம் அவள் உடம்பை பார்க்கிறது என்று எண்ணிப்பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. டீச்சர் முன்னாலேயே விழுங்க வேண்டும். எடை பார்ப்பார்கள். கண் பார்ப்பார்கள்.

பிளஸ்-2 முடிந்து வேலைக்கு போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும்.

பிறகு கல்யாணம், கர்ப்பம். உடனே கார்டு போடுவார்கள். ரத்தம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஸ்கேன் எடுத்தாச்சா என்று கிராம சுகாதார நர்சு வீட்டுக்கே வந்து கேட்பார். ஒரு தடவை வராவிட்டால் போன் வரும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டை குறை சொல்ல முடியாது.

பிரசவம் முடிந்ததும் கவனம் எல்லாம் குழந்தை பக்கம் திரும்பிவிடும். தடுப்பூசி கார்டு குழந்தைக்கு இருக்கும். அம்மாவுக்கு கார்டு இருக்காது.

அப்புறம் அவளுக்கு 30 வயது ஆகும்போதுதான் புற்றுநோய் பரிசோதனை கவுண்ட்டர் திறக்கிறது.

ஆக 18 வயதில் இருந்து 30 வயது வரை, வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும்தான் அவள் கணக்கில் வருகிறாள். கல்யாணம் ஆகாத பெண், பிள்ளை இல்லாத பெண், இரண்டு பிள்ளையோடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண், இவர்களை யார் பார்ப்பது?

ஆனால் கம்பெனிகளுக்கு இந்த வயசு பெண்கள்தான் வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனி, செல்போன் கம்பெனி, ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், எங்கே பார்த்தாலும் 20-ல் இருந்து 30-க்குள்தான் ஆள் எடுக்கிறார்கள். உழைக்கும் வயதில் உடம்பை பார்க்க ஆள் இல்லை.

ரத்தமே இல்லை

இந்த வயதில் பெரிய நோய் வராது என்பது ஒரு நினைப்பு. பெரிய நோய் வராமல் இருக்கலாம். சின்ன நோய்?

அதே குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. இரண்டு பெண்களில் ஒருவர். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) 55 சதவீதம். சுமார் 5 ஆண்டில் ஒன்றரை புள்ளிதான் இறங்கி இருக்கிறது.

கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும். 8-க்கு கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 9, 10 என்று வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு போகிற பெண்கள் ஏராளம். படி ஏறினால் மூச்சு வாங்கும். காலையில் எழுந்திருக்கவே முடியாது. தலை சுற்றும். முடி கொட்டும். "வேலை ஜாஸ்தி, அதான் அசதி" என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். ரத்தம் இல்லை என்பது பிரசவத்துக்கு போகும்போதுதான் தெரியவரும். அப்போது பாட்டில் பாட்டிலாக ரத்தம் தேடி புருஷன் அலைவார்.

இதை கண்டுபிடிக்க விரல் நுனியில் ஒரு குத்து போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். மாத்திரையும் இலவசம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும் என்று 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்பு திட்டத்திலேயே இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பது எத்தனை பெண்களுக்கு தெரியும்?

மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒன்றை கவனிக்க வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயிலேயே ஓடும் ஷிப்ட் வேலையில் இது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு தொல்லை சிறுநீர் தொற்று. கடைகளில் நிற்கும் பெண்கள் பாத்ரூம் போக தயங்கி தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழக சட்டசபையில் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது அது. உட்கார நாற்காலி கொடுப்பதற்கே சட்டம் போட வேண்டி இருந்தது என்றால், அடிக்கடி பாத்ரூம் போக அனுமதி கேட்கும் பெண்ணின் நிலைமையை யூகித்துக்கொள்ளலாம். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வந்தால் ஒரு சிறுநீர் டெஸ்ட் போதும். மெடிக்கலில் போய் பேர் தெரியாத இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பிரசவத்தோடு போய்விடாத சர்க்கரை

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பரிசோதனை கட்டாயம் என்று 2007-லேயே உத்தரவு போட்ட மாநிலம் தமிழ்நாடு. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐ தாண்டினால் கர்ப்பகால சர்க்கரை.

பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். "அப்பாடா, போயிடுச்சு" என்று வீட்டுக்கு போய்விடுவார்கள். தப்பு நடப்பது இங்கேதான்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்கு, பின்னால் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட பல மடங்கு அதிகம். பிரசவம் ஆகி 6 வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்கு பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. 24 வயதில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 வயதிலேயே சர்க்கரை வந்து, அது தெரியாமலேயே 35 வயது வரை ஓட்டிவிடலாம். தெரியவரும்போது கண்ணிலோ, காலிலோ வேலையை காட்டி இருக்கும்.

பிரஷரும் அப்படித்தான். கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள் அதோடு விட்டுவிடக்கூடாது. எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எதற்காக போனாலும், "அப்படியே பிரஷர் பாருங்க சிஸ்டர்" என்று கையை நீட்டினால் 2 நிமிட வேலை.

ஏன் 30?

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட்டை ஏன் 30 வயதில் ஆரம்பிக்கிறார்கள்? 20 வயதிலேயே பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 21 வயதில் இருந்து பார்க்கிறார்கள், இங்கிலாந்தில் 25 வயதில் இருந்து அழைக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

இந்த புற்றுநோய்க்கு காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்ய உறவு மூலம் பரவுகிறது. கல்யாணம் ஆன பெண்களில் பலருக்கு எப்போதாவது இது தொற்றும். இதில் அசிங்கப்பட ஒன்றும் இல்லை. புருஷனிடம் இருந்து வருவதுதான். இளம் வயதில் தொற்றினால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. தங்கிய வைரஸ் புற்றுநோயாக மாற 10, 15 ஆண்டுகூட ஆகும்.

20 வயதில் டெஸ்ட் எடுத்தால் தானாக போகிற தொற்று எல்லாம் தெரியும். தேவை இல்லாமல் பயந்து, தேவை இல்லாத சிகிச்சை செய்து, அடுத்த பிரசவத்தில் சிக்கலை இழுத்துக்கொள்ள வேண்டி வரும். அதனால்தான் நம் நாட்டில் 30 வயது. உலக சுகாதார நிறுவனமும் பொதுவாக 30 என்றுதான் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மட்டும் 25.

எனவே 30 என்பது தப்பான வயது அல்ல. ஆனால் 30-க்கு முன் ரத்தப்போக்கு மாதிரி ஏதாவது அறிகுறி இருந்தால், வயதை காரணம் காட்டி திருப்பி அனுப்பக்கூடாது. மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், உறவுக்கு பின் ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இதெல்லாம் எந்த வயதில் வந்தாலும் காட்ட வேண்டும். அதற்கு பெயர் வழக்கமான பரிசோதனை அல்ல, நோய்க்கு வைத்தியம்.

வைரஸ் தொற்றுவதற்கு முன்பே தடுப்பூசி போடுவது இன்னொரு வழி. புனே சீரம் நிறுவனத்தின் தடுப்பூசி 2023-ல் விற்பனைக்கு வந்தது. 14 வயது பெண் குழந்தைகளுக்கு படிப்படியாக இலவசமாக போடப்படும் என்று 2025 மார்ச் மாத தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் இப்போது 25, 30 வயதில் இருக்கும் பெண்களுக்கு அந்த ஊசி சின்ன வயதில் கிடைக்கவில்லை. அவர்களை காப்பாற்ற இருப்பது பரிசோதனைதான்.

உலகத்துக்கு பாடம் சொன்ன திண்டுக்கல்

இந்த டெஸ்ட்டால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறார்களா? இதற்கு அமெரிக்காவுக்கு போய் ஆதாரம் தேட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை என்று ஒரு ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்போடு சேர்ந்து 2000-ம் ஆண்டு ஒரு ஆய்வை தொடங்கியது.

சுற்று வட்டார கிராமங்களில் 30 முதல் 59 வயது வரை உள்ள 49 ஆயிரத்து 311 பெண்களை பரிசோதனைக்கு தேர்வு செய்தார்கள். டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற நர்சுகள்தான் டெஸ்ட் எடுத்தார்கள். பெரிய மெஷின் கிடையாது. பஞ்சில் வினிகர் போன்ற திராவகத்தை தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளை திட்டு தெரிகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

2007-ல் முடிவு வெளியானது. டெஸ்ட் நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிட இந்த புற்றுநோய் வருவது 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. அதிலும் 30 முதல் 39 வயது பெண்களுக்குத்தான் பலன் அதிகம். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்றும் இந்த ஆய்வை எடுத்துச்சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலவசம், வீடு வீடாக போய் கூப்பிட்டார்கள், நர்சும் பெண்தான். அப்படி இருந்தும் டெஸ்ட்டுக்கு வந்தவர்கள் 31 ஆயிரத்து 343 பேர். நூற்றுக்கு 36 பேர் வரவில்லை. தேடிப்போய் கூப்பிட்டே இவ்வளவு என்றால், போர்டு மட்டும் மாட்டிவிட்டு உட்கார்ந்தால் எத்தனை பேர் வருவார்கள்?

அதே காலகட்டத்தில் தமிழக அரசு உலக வங்கி உதவியோடு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்த டெஸ்ட்டை சோதனை முறையில் நடத்தியது. பிறகு 2012-ல் மாநிலம் முழுவதும் கொண்டு வந்தார்கள். 2023 இறுதியில் ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் வீட்டுக்கே அழைப்பு கொடுத்து பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை.

வலிக்குமா?

பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. வலி இல்லை, கொஞ்சம் எரிச்சல் இருக்கும், 5 நிமிடத்தில் முடிந்துவிடும். மயக்க ஊசி கிடையாது, பெட்டில் சேர வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போகக்கூடாது.

வெள்ளை திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. இதை அழுத்திச்சொல்ல வேண்டும். ஏனென்றால் "பாசிட்டிவ்" என்ற வார்த்தையை கேட்டதும் அடுத்த முறை ஆஸ்பத்திரி பக்கமே வராமல் போனவர்கள் உண்டு. அது எச்சரிக்கை மணி மட்டும்தான். பெரிய ஆஸ்பத்திரியில் லென்ஸ் வைத்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்தை குளிர வைத்தோ, சூடு வைத்தோ சரி செய்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு 10 ஆண்டு முன்பே வேரோடு பிடுங்குவது மாதிரி.

வெட்கம் இன்னொரு தடை. மறைப்பு இல்லாத அறை, கதவை திறந்துகொண்டு யாராவது உள்ளே வருவது, "சீக்கிரம் படும்மா" என்ற அதட்டல், ஒரு முறை இப்படி நடந்தால் அந்த பெண் மட்டும் அல்ல, அவள் தெருவே வராது. ஒரு திரைச்சீலையும், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போட பெரிய பட்ஜெட் தேவை இல்லை.

மாமியார், புருஷன் அனுமதி கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு கதை. "உனக்கு மட்டும் ஏன் கூப்பிடுறாங்க? என்ன நோய்?" என்று சந்தேகமாக கேட்பார்கள். தெருவில் உள்ள 10 பெண்கள் சேர்ந்து போனால் இந்த கேள்வி வராது. மகளிர் சுய உதவிக்குழுக்கள் மூலம் கூட்டிப்போவது அதனால்தான் எடுபடுகிறது.

அரை நாள் கணக்கு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது பதிலுக்கு வருவோம்.

மாதம் 12 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பெண். 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 460 ரூபாய் சொச்சம். காலையில் ஆஸ்பத்திரிக்கு போய் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டெஸ்ட் முடிந்து வர மதியம் ஆகிவிடும். அரை நாள் லேட்டாக வந்தால் முழு நாளும் கட் செய்யும் கம்பெனிகள் உண்டு. அந்த மாதம் லீவே போடாதவர்களுக்கு கொடுக்கும் அட்டெண்டன்ஸ் போனசும் போய்விடும். ரிசல்ட் வாங்க இன்னொரு நாள். ஆக இலவச டெஸ்ட்டின் விலை ஆயிரம் ரூபாயை தாண்டிவிடுகிறது.

இந்த கணக்கு போட்டு பார்த்துத்தான் அந்த பெண் வரவில்லை. அவளுக்கு விழிப்புணர்வு இல்லாமல் இல்லை.

அவள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். 12 ஆயிரத்துக்கு 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். மாதம் 480 ரூபாய் அவள் பெயரில் போகிறது. காய்ச்சலில் படுத்தால், சர்டிபிகேட் கொடுத்தால் இ.எஸ்.ஐ.யில் பாதி சம்பளத்துக்கு மேல் கிடைக்கும். நோய் வராமல் இருக்க டெஸ்ட் எடுக்க போனால் ஒன்றும் கிடைக்காது. படுத்தால் காசு, படுக்காமல் இருக்க பார்த்தால் காசு கட்!

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசின் 4 புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்தன. தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச மருத்துவ பரிசோதனை என்று அதில் ஒரு அம்சத்தை பெரிதாக சொன்னார்கள். யாருக்கு? 40 வயதை தாண்டியவர்களுக்கு.

எக்ஸ்போர்ட் கம்பெனி லைனில் போய் 40 வயதை தாண்டிய பெண்களை எண்ணிப்பாருங்கள். ஒரு கை விரல் போதும். 22 வயதில் சேர்ந்து, கண்ணும் இடுப்பும் போய், 35 வயதில் வீட்டுக்கு போய்விடுகிறார்கள். அவர்கள் வெளியே போன பிறகுதான் சட்டத்தில் பரிசோதனை வருகிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்த்தார்கள். வீட்டுக்கு பகலில் வருகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது மாமியார். மருமகள் வேலைக்கு போயிருப்பாள். இதை உணர்ந்துதான் 2024-ல் தொழிற்சாலைக்கே போய் பரிசோதிக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். சரியான திசை. ஆனால் பிரஷர், சர்க்கரையை கம்பெனி வாசலில் மேஜை போட்டு பார்த்துவிடலாம். கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டை அப்படி பார்க்க முடியாது. தனி அறையும், பெண் நர்சும் வேண்டும். 200, 300 பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு அறைக்கு வழி இல்லையா என்ன?

ஜவுளிக்கடை, வீட்டு வேலை, சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களுக்கு மாலை நேரம்தான் வழி. 2023 ஜூன் மாதம் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை திறந்தபோது மாலை 4 மணியில் இருந்து 8 மணி வரையும் டாக்டர் இருப்பார் என்று அறிவித்தார்கள். வாரத்தில் ஒரு மாலை பெண்கள் பரிசோதனைக்கு என்று ஒதுக்கி, அன்றைக்கு பயிற்சி பெற்ற நர்சு ஒருவரை போட்டால் வீட்டு வேலை பெண்களாவது வருவார்கள்.

'பேக்கேஜ்' வலை

அரசு ஆஸ்பத்திரிக்கு போக நேரம் இல்லாத பெண்கள் தனியார் லேப் விளம்பரத்தில் போய் விழுகிறார்கள். மகளிர் தினம் வந்தால் போதும், "60 டெஸ்ட், 80 டெஸ்ட், பாதி விலை" என்று செல்போனில் மெசேஜ் குவியும்.

80 டெஸ்ட் என்பது பெரிய விஷயம் அல்ல. ஒரே ரத்தத்தை மெஷினில் போட்டால் 80 வரி பிரிண்ட் ஆகும். அதில் இரண்டு வரி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். அதை வைத்து அடுத்த ஸ்கேன், அடுத்த டாக்டர் என்று இழுத்துவிடுவார்கள். புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் டெஸ்ட்களை எந்த தொந்தரவும் இல்லாத 25 வயது பெண்ணுக்கு எடுப்பதால் பயம்தான் மிச்சம். அவ்வளவு பெரிய பேக்கேஜில் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் பெரும்பாலும் இருக்காது. ஏனென்றால் அது ரத்தத்தில் வராது.

மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம் எக்ஸ்ரேயும் அப்படித்தான். 40 வயதுக்கு கீழ் சதை அடர்த்தியாக இருக்கும். படம் தெளிவாக தெரியாது. தாய்க்கோ, அக்காவுக்கோ சின்ன வயதில் மார்பக புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அவசரம் இல்லை. மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி 20 ஆண்டுகள் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் கையால் தொட்டு பரிசோதித்ததில் 50 வயதை தாண்டிய பெண்களிடம் மார்பக புற்றுநோய் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 50-க்கு கீழ் அந்த அளவுக்கு பலன் தெரியவில்லை.

அதற்காக கட்டி தெரிந்தால் சும்மா இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 20, 25 வயதில் மார்பில் உருளும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரண கட்டிதான். ஆனால் அதை தீர்மானிக்க வேண்டியது டாக்டர், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. கட்டி, காம்பில் ரத்தம், தோல் சுருங்குவது, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும்.

லேப்புக்கு 2 ஆயிரம், 3 ஆயிரம் கொடுக்கும் பெண் உண்மையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். 30-க்கு கீழ் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை ஹீமோகுளோபின், பிரஷர், எடை. குண்டாக இருந்தாலோ, அப்பா-அம்மாவுக்கு சர்க்கரை இருந்தாலோ, கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ, மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனாலோ சர்க்கரை டெஸ்ட். 30 தாண்டினால் இதோடு கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும், மார்பக பரிசோதனையும். வெற்றிலை-பாக்கு, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாயை திறந்து காட்ட வேண்டும். எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் ரத்த டெஸ்ட், பிரஷர், சர்க்கரையை அந்த டிஸ்பென்சரியிலும் கேட்கலாம். கேட்டால்தான் எழுதுவார்கள்.

எழுதிய சீட்டை தூக்கி போடாமல் ஆதார் கார்டு கவரிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு போனாலும் உதவும்.

ரங்கநாதன் தெருவில் கடை ஷட்டர் இறங்க இரவு 9 மணிக்கு மேல் ஆகிறது. அங்கே நிற்கும் பெண்களுக்கு, மாலை 8 மணிக்கு மூடும் கவுண்ட்டர்கூட எட்டாது. டெஸ்ட்டுக்கு என்றே அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு அரை நாளாவது சம்பளத்தோடு லீவு வேண்டும்.